டெங்காரோவை எழுப்பியவர்கள்

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளையின் புத்தகத்தைப் பறித்தேன். ஹட்டனில் ஒரு பாடசாலையில் இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறவள் நான். என் பாடம் எப்போதும் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகுதான் வரும். பிள்ளைகளுக்குத் தூக்கம். எனக்கும்தான். ஆனால் நான் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன். கடைசி வாங்கில் ஷாலினி மட்டும் தலையைக் குனிந்து அவ்வளவு கவனமாக இருந்தாள். சிங்கள வினைச்சொல் மேல் ஒருத்திக்கு இத்தனை பிரியமா என்று சந்தேகப்பட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தால், மடியில் வழுவழுவென்று ஒரு படக்கதைப் புத்தகம். அட்டையில் தேயிலை ஸ்டோர், அதுதான் தோட்டத்துத் தொழிற்சாலை, அதன் உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன் நிற்கிறான். நெஞ்சில் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை.

என் வாயிலிருந்து பெயர் தானாக வந்துவிட்டது. டெங்காரோ. வகுப்பே விழித்துக்கொண்டது. ஷாலினி பயப்படவில்லை. நீங்கள் சொல்கிற கதைதானே டீச்சர், இப்போது தமிழில் வந்திருக்கிறது, சென்னையில் போட்டிருக்கிறார்கள், மாமா கொழும்பிலிருந்து ஆறு புத்தகமும் வாங்கிவந்தார் என்றாள். ஆமாம், சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் கண் சொருகுகிற நேரத்தில் வருஷக்கணக்காக நான் அள்ளிவிடுகிற கதை அது. பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஆறாவது புத்தகத்துல அவன் எந்திரிக்கல டீச்சர். நீங்க சொன்னது பிழை."

எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். புத்தகத்தை நான் பறித்தது ஒழுக்கத்துக்காக என்றுதான் வகுப்பு நினைத்திருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். மற்ற ஐந்தையும் மறுநாள் கொண்டுவரச் சொல்லி அவளிடம் வாங்கிக்கொண்டேன். பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் டீச்சர், ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடம் போவார்கள் என்று எனக்கே சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

வீட்டில் புத்தகத்தை விரித்ததும் முதலில் முகர்ந்து பார்த்தேன். புது மழைக்கோட்டு வாசம். எனக்குத் தெரிந்த டெங்காரோவுக்கு இந்த வாசம் கிடையாது. அவனுக்குச் செத்தல் மிளகாயும் கருவாடும் கலந்த வாசம். தும்மாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது. அந்த வாசத்தைச் சொன்னால் யோகாவைச் சொல்லாமல் இருக்க முடியாது.

யோகேஸ்வரி எங்கள் லயத்துக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வயதுக்குள்தான் இருக்கும். பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். அவளுடைய அப்பா எங்கள் தோட்டத்து ஆள்தான், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா இல்லாத பிள்ளை என்று அவளைச் சின்ன வயதிலேயே வலப்பனையில் கடை வைத்திருந்த மாமா வீட்டில் விட்டிருந்தார். கடையில் மிளகாயும் கருவாடும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. பாடசாலைக்குப் பாதி நாள் போவாள், பாதி நாள் போகமாட்டாள். சுற்றிலும் சிங்கள ஆட்கள் என்பதால் அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஒருநாள் அவளாகவே பஸ் ஏறி அப்பாவிடம் வந்துவிட்டாள், நான் இங்கிருந்து பள்ளிக்கூடம் போகிறேன் என்று. கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டையும், சிங்களத்தில் அச்சான டெங்காரோ புத்தகம் ஐந்தும்.

சிங்களப் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாணித் தாள், அட்டையில் நிறம் ஒதுங்கி டெங்காரோவுக்கு இரண்டு மூக்கு. இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று கொழும்பில் யாரோ படங்களையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சடித்திருந்தார்கள். அதனால் டெங்காரோ இடது கையால்தான் குத்துவான். அவனுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற மியோ என்ற பிள்ளையும் இடது கைக்காரி. யோகாவும் இடது கைக்காரி. சோற்றுக் கையை மாற்று என்று வலப்பனையில் மாமியிடம் அடி வாங்கியவள். இந்தக் கதை அவளுக்காகவே எழுதியது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். சென்னைப் புத்தகத்தில் இப்போது பார்க்கிறேன், இருவருமே வலது கைக்காரர்கள். சரியாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். சரியாக இருந்தால் மட்டும் எனக்குப் பிடித்துவிடுமா?

லயத்துப் பிள்ளைகள் எங்களுக்கோ சிங்களம் ஓர் எழுத்துத் தெரியாது. பாடசாலை விட்டதும் ஸ்டோருக்குப் பின்னால் உடைந்த தேயிலைப் பெட்டிகள் குவித்திருந்த இடத்தில் உட்காருவோம். யோகா படத்தைக் காட்டிக் காட்டி, சிங்களத்தைக் கண்ணால் படித்து, வாயால் எங்கள் தமிழில் சொல்லுவாள். கடலிலிருந்து பூதங்கள் வரும். மலைக்கு மேலே ஜப்பான்காரர்களின் கோட்டை. கோட்டையின் தலைவரை அவள் பெரிய கங்காணி என்றாள். கோட்டையை ஸ்டோர் என்றாள். விடிந்ததும் ஓட்டுநர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிற படத்தைப் பார்த்ததும் எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெரட்டு.

தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்குக் குரல் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. கைப்பிள்ளையைப் பிள்ளை பார்க்கிற மடுவத்தில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவருகிறவளின் பெயரைக் கூப்பிடும்போது, முன்னால் நிற்கிற இன்னொருத்தி "வந்தாச்சுங்க" என்று குரல் கொடுத்துவிடுவாள். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். தலையை நிமிர்த்தாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். என் அம்மா இப்படி எத்தனை பேருக்காகக் குரல் கொடுத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

சென்னைப் பதிப்பில் பெரிய கங்காணி 'தலைமைத் தளபதி' ஆகிவிட்டார். மியோ டிவியில் செய்தி வாசிக்கிறவள்போல 'நான் பின்வாங்கப் போவதில்லை' என்கிறாள். யோகாவின் மியோ "நான் எங்கயும் போறதில்ல, ஆனத பாத்துக்க" என்பாள். நான் குறை சொல்லவில்லை. இல்லை, குறைதான் சொல்கிறேன், சொன்னால் என்ன.

ஐந்தாவது புத்தகத்தின் முடிவில்தான் வில்லங்கம். நெருப்பைக் கக்குகிற பூதம் ஒன்று வருகிறது. ஊர்ச் சனம் கணவாய் வழியாக ஓடித் தப்புகிறவரைக்கும் டெங்காரோ குறுக்கே நிற்கிறான். நின்ற இடத்திலேயே எரிந்து போகிறான். மியோ உள்ளே. கடைசிப் பக்கம் முழுக்கக் கறுப்பு. அடியில் 'தொடரும்' என்று சிங்களத்தில் ஒரு வார்த்தை. ஆறாவது புத்தகம் யோகாவின் பையில் இல்லை.

அது மாசி மாதம். எங்கள் தோட்டத்தில் மாசி என்றால் காமன் கூத்து. ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி லயம் லயமாக ஆடி வருவார்கள். முடிவில் ஈசன் நெற்றிக்கண்ணைத் திறக்க, காமன் பொட்டலில் மன்மதனை எரிப்பார்கள். எரித்த மூன்றாம் நாள் எழுப்புவார்கள். எரிப்பதைவிட எழுப்புவதுதான் பெரிய காரியம். எரித்துவிட்டு எழுப்பாமல் விட்டால் தோட்டத்துக்கே ஆகாது என்று எல்லோரும் நம்பினார்கள். இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் எரிந்து போன ஒருத்தனின் கதையைக் கொடுத்தால் என்ன செய்வோம்? நாங்களும் எரித்தோம். உடைந்த தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித் தாளை வெளியே தெரியும்படி திருப்பி, விளையாட்டு மைதானத்து ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக டெங்காரோவைக் கட்டினோம். பட்டப்பகலில், பாடசாலை விட்டுப் போகிற பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, யோகா மியோவின் கடைசி வார்த்தையைச் சொல்ல, கொளுத்தினோம். நான் பூதத்தின் வலது கால். என் நடிப்புத் திறமைக்கு அதற்கு மேல் யாரும் தரவில்லை.

நன்றாக எரிந்தது. அதுதான் வினை.

கூத்து வாத்தியார் பெரியசாமி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அடித்து விரட்டுவார் என்று நினைத்துப் போனோம். அவரோ கால்மணி நேரம் உட்கார்ந்து டெங்காரோ கதை முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இருண்டது. பிள்ளைகள் குப்பையைக் கொளுத்தினார்கள் என்று இருந்தால் ஒன்றும் இல்லையாம். பெயர் வைத்து, கதை சொல்லி, சனம் பார்க்க, மாசி மாதத்தில் எரித்திருக்கிறோம். அதுவும் தோட்டத்துக் காமன் இன்னும் எரியாதபோது.

"இவனையும் மூணாம் நாள் எழுப்பியாகணும். எழுப்புற கத எங்க?"

அதுதான் எங்களிடம் இல்லையே. நானும் யோகாவும் மறுநாள் காலையில் பூண்டுலோயா டவுனுக்கு ஓடினோம். அங்கே பேப்பரும் கொப்பியும் விற்கிற முஸ்லிம் நானா ஒருவரின் கடை இருந்தது. ஆறாவது புத்தகம் வராது புள்ள, கொழும்பில் அதைப் போட்ட ஆட்கள் நிறுத்திவிட்டார்கள் என்றார் நானா. யோகா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானா எங்களுக்குக் குடிக்கச் சோடா கொடுத்தார். அதை நான் மட்டும்தான் குடித்தேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் தோட்டத்தில் பேச்சு முற்றிவிட்டது. அந்த வருஷம் மாசியில் நல்ல வெயில். கொழுந்து இல்லை, நிறைய பேருக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், விழுந்துகொண்டிருந்தது. காரணம் தேடிக்கொண்டிருந்த சனத்துக்கு யோகா கிடைத்தாள். வலப்பனையிலிருந்து என்னத்தையோ கொண்டுவந்து எரித்துவிட்டது அந்தப் பிள்ளை என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசினார்கள். யோகாவின் அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அடுத்த லயத்தில் இருந்து ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனதும், யோகாவின் சட்டைகளை மடித்து அதே பையில் வைக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் தாண்டியும் இது இப்படியே கிடந்தால் மாமா கடைக்கே அவளைக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டார். அங்கே போனால் மிளகாய்த் தராசுதான். பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

யோகா அழவில்லை. பெரியசாமி வாத்தியாரைத் தேடிப் போனாள். நானும் பின்னால் போனேன். பூதத்தின் வலது கால் என்றால் சும்மாவா? அவர் பொட்டலில் நின்று தப்பு அடிக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். புத்தகம் வரவில்லை, எழுப்புகிற கதையை நானே சொல்லுகிறேன் என்றாள் யோகா. அவரோ, கதையை நீ யாராவது ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடு, அவன் வேஷம் கட்டி எழுப்பட்டும், பொம்பளப் பிள்ளை பொட்டலில் இறங்க முறை இல்லை என்றார். எங்கள் தோட்டத்தில் ரதிக்கே ஆண்தான் வேஷம் கட்டுவார். அந்தப் பொட்டலில் அதுவரைக்கும் ஒரு பெண் கால் வைத்தது இல்லை.

"உள்ள கெடக்குறது பொம்பளப் புள்ள பெரியப்பா. ஆம்பள வந்து கூப்புட்டா அவ எந்திரிப்பாளா?"

தப்பு அடிக்கிற ஒருவர் சிரித்துவிட்டார். வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. முறை என்று ஒன்று இருக்கிறது, உன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, உங்கள் அப்பனை வரச்சொல் என்று விரட்டிவிட்டார். வருகிற வழி முழுக்க நான்தான் அழுதேன். யோகா, கட்டுவதற்குச் சாக்கு எத்தனை கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம். உரச் சாக்குகளைத் தைத்து, மூங்கில் சிம்பு வைத்து, நெஞ்சில் ஒரு உடைந்த ஜன்னல் கண்ணாடியைக் கட்டி, புது டெங்காரோவைத் தரையில் படுக்கப்போட்டிருந்தோம். மைதானத்தில் இல்லை. காமன் பொட்டலின் நட்டநடுவில். யோகா அங்கேதான் போடுவேன் என்றாள், போட்டாள். எங்கள் பசங்களே பாதிப் பேர் பயந்து எல்லைக்கு வெளியே நின்றார்கள். சேதி கேட்டு வாத்தியார் ஓடிவந்தார். யோகாவின் அப்பா வந்தார். ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். இறங்கு, இறங்கு என்று சத்தம். சரியாக அந்த நேரம் பார்த்து, கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டு வெறுங்கூடையோடு பொம்பளைகள் மேல் ரோட்டில் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள்.

யோகாவுக்கு அவ்வளவு நேரம் என்ன கதை சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்க வேண்டும். சத்தியமாக என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. படுத்துக்கிடந்த டெங்காரோவின் தலைமாட்டில் போய் நின்றாள். பாட்டும் பாடவில்லை, மந்திரமும் சொல்லவில்லை. விறைப்பாக நிமிர்ந்து நின்று, பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற அதே குரலில், பெயரைக் கூப்பிட்டாள்.

டெங்காரோ.

சத்தம் அடங்கியது. ஒரு பதிலும் இல்லை. பதில் எங்கிருந்து வரும், சாக்கா பேசும்? இரண்டாம் தரம் கூப்பிட்டாள். அவள் குரல் உடைந்தது. அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் தரம் டெங்காரோ என்று சொல்லாமல், மியோ என்று கூப்பிட்டாள்.

"வந்தாச்சுங்க!"

மேல் ரோட்டிலிருந்து வந்த குரல் என் அம்மாவுடையது. டெங்காரோ யார், மியோ யார், ஒன்றும் தெரியாது அவளுக்கு. ஒரு பெண்பிள்ளையின் பெயரைக் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை, பெயர் போகப் போகிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்தில் நின்றவள் சொன்னாள். அப்புறம் எல்லோரும். வந்தாச்சுங்க, வந்தாச்சுங்க என்று கூடையும் கையுமாகச் சொல்லிக்கொண்டே ரோட்டை விட்டு இறங்கிப் பொட்டலுக்குள் நடந்து வந்தார்கள். அவர்களை யார் தடுப்பது? நாங்கள் கயிற்றை இழுக்க, அம்மாக்காரிகளும் சேர்ந்து இழுத்தார்கள். டெங்காரோ எழும்பினான். ஒரு பக்கம் சாய்ந்தான், கண்ணாடி ஆடியது, ஆனாலும் எழும்பினான்.

பெரியசாமி வாத்தியார் தப்புக்காரர்கள் பக்கம் திரும்பி, அடி இல்லாம எவனாவது எழும்புவானாடா, அடிங்கடா என்று அதட்டினார். அந்த மனுஷன் கடைசிவரைக்கும் தான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. முறை முடிஞ்சது, அந்தப் பிள்ளையை ஒருத்தரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று அங்கேயே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். யோகாவின் அப்பா வீட்டுக்குப் போய்ப் பையிலிருந்த சட்டைகளை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டார்.

மழை பெய்ததா என்று கேட்பீர்கள். பெய்யவில்லை. சித்திரை தாண்டித்தான் பெய்தது. அதனால் என்ன? யோகா இருந்தாள். என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து உயர்தரம் வரைக்கும் படித்தாள். எனக்குச் சிங்களம் வந்தது அவளால்தான். இன்றைக்கு நான் சம்பளம் வாங்குகிற பாஷையை அந்தக் கருவாட்டு வாசப் புத்தகங்களில்தான் எழுத்துக்கூட்டிக் கற்றேன். அவள் இப்போது வலப்பனையில் மருத்துவிச்சி. மிளகாய் நிறுக்க அல்ல, பிள்ளை எடுக்கத் திரும்பிப் போனாள்.

சென்னைப் பதிப்பின் ஆறாவது புத்தகத்தை இரண்டு தரம் படித்துவிட்டேன். ஷாலினி சொன்னது சரி. டெங்காரோ எழும்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் சனங்கள் உருகிய இரும்பைப் பொறுக்கி எடுத்து ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டுகிறார்கள். மியோவின் பெயரைப் பாலத்தில் வெட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் அதன் மேல் நடந்து பாடசாலைக்குப் போகிறார்கள். நல்ல முடிவுதான். அழுதேன், அதை ஒளிப்பானேன். ஆனால் அழுதேன் என்பதற்காக ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. பெயரைப் பாலத்தில் வெட்டுகிறவர்களுக்கு, ஒரு தரம் வாயைத் திறந்து கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே.

யோகாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பாலத்தைப் பற்றியெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பின்னால் வார்டில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம்.

"அப்ப அவங்க புத்தகத்துல அந்தப் புள்ள இன்னும் உள்ளயேவா கெடக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். "நம்ம எடுத்துட்டோம்ல. பொறகென்ன" என்றுவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு புத்தகத்தையும் ஷாலினியிடம் திருப்பிக் கொடுத்து, முழு வகுப்புக்கும் கேட்கும்படி சொன்னேன். புத்தகத்தில் இருப்பது ஜப்பான்காரரின் கதை, பிழை இல்லை. நான் சொன்னது எங்கள் மலையில் நடந்தது, அதுவும் பிழை இல்லை. எதை நம்புவது என்று கேட்டாள். இரண்டையும் படி, யாராவது உன்னிடம் ஒன்றுதான் உண்மை என்று சொன்னால் சண்டைக்குப் போ என்றேன். ஒரு டீச்சர் சொல்லக்கூடாத பேச்சுத்தான்.

காமன் பொட்டலைச் சுற்றி இப்போது கம்பி வேலி. பழைய பங்களாவை உல்லாசப் பயணிகள் விடுதி ஆக்கியவர்கள், பொட்டலைக் கார் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் இருந்த லயத்தில் பாதி இடிந்து கிடக்கிறது. பெரியசாமி வாத்தியார் போய்விட்டார். என் அம்மாவும் போய்விட்டாள். தோட்டத்தில் பெயர் கூப்பிடுகிற பழக்கமே நின்றுவிட்டது. ஒரு எந்திரத்தில் விரலை வைக்க வேண்டும், விரல் இல்லையென்றால் ஆள் இல்லை. பிந்தி ஓடிவருகிற ஒருத்திக்காக இன்னொருத்தி விரல் வைக்க முடியாது. அன்றைக்குக் குரல் கொடுத்துக்கொண்டே பொட்டலுக்குள் இறங்கிய பொம்பளைகளில் இப்போது எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் பெயரை யார் எங்கே கூப்பிட்டாலும், நான் கேட்கிற தூரத்தில் இருந்தால், வந்தாச்சுங்க என்று சொல்லத்தான் போகிறேன்.